மின்கம்பி அறுந்தாலும் குடிநீர் காக்கப்பட வேண்டும்: வெயிலும் உப்பும் காட்டும் வழி

2025 மே மாத நடுவில் சூடானின் ஓம்துர்மான் நகரிலுள்ள மின் நிலையங்கள் ட்ரோன்களால் தாக்கப்பட்டன. கார்ட்டூம் மாநிலம் இருளில் மூழ்கியது. நைல் நதியிலிருந்து நீரெடுத்துச் சுத்திகரித்து அனுப்பும் நிலையங்கள் மின்சாரம் இன்றி நின்றுபோயின. குழாயில் நீர் வராததால் மக்கள் கிடைத்த நீரைக் குடித்தார்கள். ஏற்கெனவே அந்நாட்டில் பரவிக்கொண்டிருந்த காலரா, அந்த நீரோடு வீடுகளுக்குள் நுழைந்தது. மே 15-க்கும் 25-க்கும் இடைப்பட்ட பத்தே நாட்களில் கார்ட்டூம் மாநிலத்தில் நாளொன்றுக்குப் பதிவாகும் காலரா நோயாளிகளின் எண்ணிக்கை 90-லிருந்து 815 ஆக உயர்ந்ததாக யுனிசெஃப் அறிவித்தது. ஒன்பது மடங்கு!

2025 ஆகஸ்ட் வரையிலான ஓராண்டில் சூடானில் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் காலராவால் பாதிக்கப்பட்டதாகக் கணக்கிடப்பட்டது. 2,400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். காலரா தீராத நோயல்ல. உப்பு-சர்க்கரைக் கரைசலும் தேவைப்பட்டால் நரம்பு வழி திரவமும் உரிய நேரத்தில் கிடைத்தால் நூற்றுக்கு ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால், காலையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை மறுநாள் விடிவதற்குள் போய்விடும்.

இத்தகைய செய்திகளைப் படித்துவிட்டு நாம் "பாவம், அந்த மக்கள்" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். முடிந்தவர்கள் உதவித் தொகை அனுப்புகிறோம். ஆனால் ஒரு கேள்வியை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. மின்கம்பி அறுந்தால் குடிநீர் ஏன் நோயாக மாற வேண்டும்? கம்பிக்கும் நீருக்கும் இடையிலான அந்தக் கண்ணியில் எந்த இடத்தை மக்களே தங்கள் கையில் எடுத்துக்கொள்ள முடியும்?

நான்கு வேலைகள், இரண்டு சார்புகள்

ஆற்று நீர் குடிநீராக வேண்டுமானால் நான்கு வேலைகள் நடக்க வேண்டும். நீரை மேலேற்ற வேண்டும். கலங்கலைத் தெளியவைக்க வேண்டும். கிருமியைக் கொல்ல வேண்டும். வீடுவரை கொண்டுசேர்க்க வேண்டும். இதில் கிருமியைக் கொல்லும் மூன்றாவது வேலையை உலகின் பெரும்பகுதியில் குளோரின்தான் செய்கிறது. 1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரத்தில் நகரக் குடிநீருக்குத் தொடர்ச்சியாகக் குளோரின் சேர்க்கத் தொடங்கினார்கள். அதன்பின் ஊர் ஊராக டைபாய்டும் காலராவும் பின்வாங்கின. கிருமியைக் கொன்ற பிறகும் சிறிதளவு குளோரின் நீரிலேயே தங்கி, குழாயிலும் குடத்திலும் மீண்டும் கிருமி சேராமல் காவல் காப்பது அதன் தனிச் சிறப்பு.

இந்தக் குளோரின் இரண்டைச் சார்ந்து நிற்கிறது. ஒன்று மின்சாரம், மற்றொன்று சாலை. வாயுவாக உருளைகளில் வந்தாலும் பிளீச்சிங் பவுடராக மூட்டையில் வந்தாலும் திரவமாகக் கேன்களில் வந்தாலும், எங்கோ ஒரு தொழிற்சாலையில் தயாராகி லாரியில்தான் ஊருக்கு வருகிறது. போர் வந்தால் முதலில் அறுபடுவது இந்த இரண்டும்தான். பெருவெள்ளம் வந்தாலும் அப்படியே.

குளோரினுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. 1915 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் நச்சுவாயுவாக ஏவப்பட்டது இதே குளோரின்தான். அதனால் இன்றும் அது 'ராணுவத்துக்கும் பயன்படும் பொருள்' என்ற பெயரில் எல்லைகளில் நிறுத்தப்படுகிறது. 1990-இல் ஈராக் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்ட பின் குளோரினும் நீர்ச் சுத்திகரிப்புக் கருவிகளுக்கான உதிரிப் பாகங்களும் தடைபட்டன, தாமதமாயின. அதன் விலையை அந்நாட்டுக் குழந்தைகள் கொடுத்தார்கள். காஸாவிலும் 2023 அக்டோபருக்குப் பின் எரிபொருளோடு குளோரினும் போதிய அளவில் உள்ளே செல்லாமல் குடிநீர்ப் பணியாளர்கள் தவித்தார்கள்.

மின்கம்பி ஒரு ஆயுதமாக எப்படிப் பயன்படுகிறது என்பதற்கும் காஸாவே சாட்சி. 2025 மார்ச் 9 அன்று தெய்ர் அல்-பலாவிலுள்ள கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சென்ற மின் இணைப்பை இஸ்ரேல் துண்டித்தது. நாளொன்றுக்குச் சுமார் 18,000 கன மீட்டர் நீர் தந்த அந்த நிலையம், ஜெனரேட்டரின் துணையில் சுமார் 2,500 கன மீட்டர் அளவுக்குச் சுருங்கியது. ஒரு சுவிட்ச் அணைக்கப்பட்டதில் லட்சக்கணக்கானோரின் குடம் காலியானது.

உப்பிலிருந்து குளோரின்

சாலை வழியே வரும் குளோரினுக்குக் காத்திருக்காமல், தேவைப்படும் இடத்திலேயே அதைத் தயாரிக்க முடியும். அதற்கு வேண்டிய மூலப்பொருள் சமையல் உப்பு. உப்பு என்பது சோடியமும் குளோரினும் சேர்ந்ததுதான். உப்பு நீரில் இரண்டு மின்வாய்களை அமிழ்த்தி நேர் மின்னோட்டத்தைச் செலுத்தினால், ஒரு பக்கம் குளோரினும் மறு பக்கம் காரமும் ஹைட்ரஜனும் உருவாகின்றன. குளோரின் அந்தக் காரத்தோடு உடனே கலந்து சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற திரவமாகிறது. ஹைட்ரஜன் குமிழிகளாக மேலெழுந்து காற்றில் போய்விடுகிறது. நாம் வீட்டில் வெள்ளைத் துணிக்கும் கழிப்பறைக்கும் பயன்படுத்தும் பிளீச் திரவத்தின் வீரியம் குறைந்த வடிவம்தான் இது.

சூரிய ஒளித் தகடு தருவதும் நேர் மின்னோட்டமே. எனவே இரண்டும் இயல்பாகப் பொருந்துகின்றன. ஒரு சோலார் பேனல், தேவைப்பட்டால் ஒரு பேட்டரி, மின்னோட்டத்தைச் சீராக வைக்கும் ஒரு கட்டுப்பாட்டுக் கருவி, மின்வாய்கள், ஒரு பிளாஸ்டிக் வாளி, உப்பு, நீர். இவ்வளவுதான் தொழிற்சாலை. உப்பளத்தில் வெயில் காய்ச்சி எடுத்த உப்பு, அதே வெயிலின் மின்சாரத்தால் கிருமிநாசினியாகிறது.

இந்த முறையில் பெரிய நகரங்களுக்கான நிலையங்களும் உண்டு, ஒரு மருத்துவமனைக்கான சிறு கருவிகளும் உண்டு. ஜெனீவாவைச் சேர்ந்த ஆன்டெனா அறக்கட்டளை உருவாக்கிய 'வாட்டா' என்ற சிறு கருவி பல நாடுகளில் பயன்படுகிறது. ஒரு லிட்டர் நீரில் 25 கிராம் உப்பைக் கரைத்து, அதில் கருவியை வைத்து மின்சாரம் கொடுத்தால், லிட்டருக்கு 6 கிராம் குளோரின் கொண்ட திரவம் கிடைக்கிறது. அந்த ஒரு லிட்டர் திரவம் சுமார் 4,000 லிட்டர் நீரைச் சுத்திகரிக்கப் போதுமானது.

இதை இன்னொரு முறையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தெளிந்த நீரைக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் புட்டியில் நிரப்பி நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் வைத்தால், சூரியனின் புற ஊதாக் கதிரும் வெப்பமும் கிருமிகளைக் கொல்லும். அதுவும் பயனுள்ள முறைதான். ஆனால் அது ஒரு வீட்டுக்குப் போதும், ஊருக்குப் போதாது. மேலும் அந்த நீரில் காவலுக்கு எதுவும் தங்குவதில்லை. குடத்தில் ஊற்றியபின் அழுக்குக் கை பட்டால் கிருமி மீண்டும் வந்துவிடும்.

ஓர் எளிய கணக்கு

இது கேட்க நன்றாக இருக்கிறது, நடைமுறைக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்று கேட்பது நியாயமே. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓர் அகதி முகாமில் 1,000 பேர் இருக்கிறார்கள். பேரிடர்க் கால உதவிக்கான 'ஸ்பியர்' நெறிமுறைப்படி ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் நீர் வேண்டும். ஆக 15,000 லிட்டர். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் சேர்ப்பதாக வைத்தால் மொத்தம் 30 கிராம் குளோரின் தேவை. அது 5 லிட்டர் கரைசலில் கிடைத்துவிடும். அதற்கு வேண்டிய உப்பு 125 கிராம். ஒரு கிலோ குளோரின் தயாரிக்கச் சுமார் 5 முதல் 6 யூனிட் மின்சாரம் செலவாகும் என்பது இத்துறையில் வழக்கமான கணக்கு. 30 கிராமுக்கு அது கால் யூனிட்டைக்கூடத் தொடாது. நல்ல வெயிலில் 100 வாட் பேனல் ஒன்று அரை நாளில் தரும் மின்சாரம் அவ்வளவுதான்.

ஆயிரம் உயிர்களுக்கு ஒரு நாள் பாதுகாப்பு: ஒரு சிறிய டம்ளர் உப்பு, ஒரு பேனல்.

இதே கணக்கை மற்ற வேலைகளோடு ஒப்பிட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். நம் வீட்டு மாடியில் வைக்கும் 1,000 லிட்டர் தொட்டியை எடுத்துக்கொள்வோம். அந்த அளவு குடிநீரைக் கடல்நீரிலிருந்து பிரித்தெடுக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். 30 மீட்டர் ஆழத்திலிருந்து மோட்டார் வைத்து ஏற்ற, ஒரு யூனிட்டில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு வேண்டும். அந்த நீருக்கான குளோரினைத் தயாரிக்கவோ ஒரு யூனிட்டில் நூறில் ஒரு பங்கு போதும்.

அதாவது குடிநீர் வழங்கலில் மிகக் குறைந்த மின்சாரத்தில் நடக்கக்கூடிய வேலையும், நின்றால் மிக அதிக உயிர்களைக் கொல்லும் வேலையும் ஒன்றே. மின்சாரம் முழுமையாகத் திரும்பும்வரை நகரம் முழுவதற்கும் நீரேற்ற முடியாமல் போகலாம். ஆனால் மக்கள் வாளியிலும் கழுதை வண்டியிலும் கொண்டுபோகும் நீரில் கிருமி இல்லாமல் செய்வது, நகர மின்சாரம் திரும்பும்வரை தள்ளிப்போட வேண்டிய காரியமல்ல.

செய்து காட்டிய இடங்கள்

2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவை எபோலா தாக்கியபோது, மக்களில் பெரும்பான்மையினர் முஸ்லிம்களாக உள்ள கினியா நாட்டில் சுகாதார நிலையங்களுக்குக் குளோரின் திரவம் ஏராளமாகத் தேவைப்பட்டது. கை கழுவ 0.05 சதவீதக் கரைசல். தரையையும் கருவிகளையும் கழுவ 0.5 சதவீதக் கரைசல். அங்கே வாட்டா போன்ற கருவிகள் கை கொடுத்தன. உப்பு நீரிலிருந்து கிடைக்கும் திரவம் ஏறத்தாழ 0.6 சதவீதம் என்பதால், நீர் கலந்தால் இரண்டுக்கும் அதுவே பயன்பட்டது.

வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் ரோஹிங்கியா மக்கள் தங்கியுள்ள முகாம்களில் வேறொரு வடிவம். மலைச்சரிவில் மூங்கில் குடிசைகள். மின் இணைப்பு இல்லை. கைப்பம்புகளுக்குப் பக்கத்திலேயே கழிப்பறைகள். அங்கே ஐ.நா. அகதிகள் முகமை சூரிய மின்சாரத்தில் இயங்கும் நீர் வழங்கல் அமைப்புகளை ஏற்படுத்தியது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நீரை மேட்டிலுள்ள தொட்டிக்கு ஏற்றி, குளோரின் சேர்த்து, குழாய்களில் இறக்கும் ஏற்பாடு. 2019 தொடக்கத்தில் இயங்கிய முதல் ஐந்து அமைப்புகள் மட்டும் சுமார் 40,000 பேருக்கு நீர் தந்தன. இங்கே குளோரின் வெளியிலிருந்து வந்தது. நீரேற்றம் வெயிலில் நடந்தது. இரண்டையும் வெயிலிலேயே செய்யலாம் என்பதுதான் அடுத்த படி.

யெமனைப் பாருங்கள். 2017 இறுதிக்குள் பத்து லட்சம் பேருக்குக் காலரா இருக்கலாம் எனப் பதிவான நாடு அது. போரில் மின் வழங்கல் குலைந்தபோது, அம்மக்கள் தங்கள் கூரைகளில் சோலார் பேனல்களை வாங்கிப் பொருத்திக்கொண்டார்கள். எந்த அரசுத் திட்டத்துக்கும் காத்திராமல் வீடு வீடாக நடந்த மாற்றம் அது. காஸாவிலும் முற்றுகைக் காலத்தில் மொட்டை மாடிகள் பேனல்களால் நிறைந்திருந்தன. நெருக்கடியில் வாழும் சமூகங்களுக்குச் சூரிய ஒளி புதிதல்ல. விளக்குக்கும் செல்பேசிக்கும் பயன்படும் அந்த மின்சாரத்தில் ஒரு சிறு பங்கைக் குடிநீருக்கு ஒதுக்கும் ஏற்பாடுதான் இன்னும் பரவவில்லை.

இந்தக் கருவி செய்யாதவை

நல்லதை மட்டும் சொல்லி முடித்தால் அது விளம்பரமாகிவிடும். எனவே குறைகளையும் பார்ப்போம்.

முதலாவது, கலங்கல். சேறு கலந்த நீரில் குளோரின் வேலை செய்யாது. சேற்றிலுள்ள பொருட்களே அதைத் தின்றுவிடும். கிருமிகள் துகள்களுக்குள் ஒளிந்துகொள்ளும். மழைக்காலத்தில் நீல நைல் செம்மண் கரைத்து வரும்போது முதலில் நீரைத் தெளியவைத்தாக வேண்டும். படிகாரம் அதற்கு உதவும். நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்ததும் இதற்காகத்தான். சூடானில் நைல் கரையோரப் பெண்கள் முருங்கை விதைப் பொடியால் நீரைத் தெளியவைப்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. நாம் சாம்பாரில் போடும் அதே முருங்கைதான்!

இரண்டாவது, குளோரின் கிருமியைக் கொல்லுமே தவிர உப்பையோ ஃபுளோரைடையோ ஆர்சனிக்கையோ நீக்காது. காஸாவின் நிலத்தடி நீர் கரிப்பாக இருப்பதற்கு இது மருந்தல்ல. கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில ஒட்டுண்ணிகளும் குளோரினுக்கு அசைந்து கொடுப்பதில்லை.

மூன்றாவது, இது வீட்டுப் பரிசோதனைக்கான விஷயமல்ல. காணொளியைப் பார்த்துவிட்டு இரும்புக் கம்பியையோ செம்புக் கம்பியையோ உப்பு நீரில் வைத்து மின்சாரம் கொடுத்தால், அந்த உலோகமே கரைந்து நீரில் கலக்கும். முறையான கருவிகளில் தனிப் பூச்சு பூசிய டைட்டானியம் மின்வாய்கள் இருக்கும். வெளிவரும் ஹைட்ரஜன் தீப்பற்றக்கூடியது. அடைத்த அறையில் வைக்கக் கூடாது. பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது.

நான்காவது, கருவியைப் பராமரிக்க வேண்டும். உவர் நீரைப் பயன்படுத்தினால் மின்வாய்களில் சுண்ணாம்புபோல் படியும். அவ்வப்போது வினிகரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். தயாரித்த திரவம் வெயிலிலும் சூட்டிலும் வீரியம் இழக்கும் என்பதால், ஒளி புகாத பாத்திரத்தில் நிழலில் வைத்து விரைவில் பயன்படுத்த வேண்டும்.

அளந்து பார்ப்பவர் யார்?

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. அது கருவியில் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

குளோரின் போட்டால் மட்டும் போதாது. போட்டு அரை மணி நேரம் கழித்து, குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயத்தின்படியும் குடிநீரில் குறைந்தபட்சம் 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். அளப்பதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. சிறு குப்பியில் நீரெடுத்துச் சில சொட்டு மருந்தோ ஒரு மாத்திரையோ போட்டால் நிறம் மாறும். அதை நிற அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரியும். பத்தாம் வகுப்பு படித்த பிள்ளை ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை ஒவ்வொரு நாளும் ஒதுக்க ஒருவர் வேண்டும்.

நம் சமுதாயத்தில் நீர் வழங்குவதற்கு எப்போதும் தனி மரியாதை உண்டு. மறைந்த தாய் தந்தையர் பெயரில் ஆழ்துளைக் கிணறு போட்டுக் கொடுக்கிறோம். ஆப்பிரிக்க நாடுகளில் கிணறு அமைக்கும் அறக்கட்டளைகளுக்குப் பணம் அனுப்புகிறோம். பள்ளிவாசல் வாசலில் குளிர்ந்த நீர் இயந்திரம் வைக்கிறோம். இவை யாவும் நிலைத்து நிற்கும் தர்மங்கள் என்ற எண்ணத்தில்தான் செய்கிறோம். ஆனால் கிணற்றின் கல்வெட்டில் பெயர் பொறித்தபின் அந்த நீரை யாராவது பரிசோதித்தார்களா? மோட்டார் பழுதானால் யார் சரிசெய்வது? குளோரின் யார் கலப்பது? கிணறு தோண்டப் பணம் தர ஆளிருக்கிறது. அந்தக் கிணற்று நீரை ஐந்தாண்டுகள் அளந்து பார்ப்பவருக்கு மாதச் சம்பளம் தர யாரும் முன்வருவதில்லை. நீர் நிலைத்தால்தானே தர்மம் நிலைக்கும்?

எனவே அடுத்த முறை ஓர் அறக்கட்டளை நீர்த் திட்டத்துக்காக நம்மை அணுகும்போது, சில கேள்விகளை நாம் கேட்கலாம். கிருமி நீக்கத்துக்கு என்ன ஏற்பாடு? குளோரின் எங்கிருந்து வருகிறது, சாலை அடைபட்டால் என்ன செய்வீர்கள்? அளந்து பார்க்கும் பொறுப்பு யாருக்கு, அவருக்குச் சம்பளம் எத்தனை ஆண்டுகளுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது? இக்கேள்விகள் அவர்களைச் சங்கடப்படுத்துவதற்காக அல்ல. நன்றாகப் பணியாற்றும் அமைப்புகள் இவற்றை வரவேற்கும். பதிலும் தயாராக வைத்திருக்கும்.

நம் வீட்டு வாசலுக்கு வந்த வெள்ளம்

இது எங்கோ தொலைதூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. சாலைகள் அறுந்தன. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் பல ஊர்கள் நாட்கணக்கில் மின்சாரம் இன்றித் தவித்தன. சூடானில் போர் செய்த அதே வேலையை இங்கே வெள்ளம் செய்தது: கம்பியையும் அறுத்தது, சாலையையும் அறுத்தது. வெள்ளம் புகுந்த ஊர்களில் கிணற்று நீரும் சாக்கடை நீரும் ஒன்றாகிவிடும் என்பது நமக்குத் தெரியும். ஜமாஅத்துகளும் இளைஞர் அமைப்புகளும் படகிலும் டிராக்டரிலும் உணவையும் தண்ணீர்ப் புட்டிகளையும் கொண்டுபோய்ச் சேர்த்தன. அந்த உழைப்பு என்றும் நினைவுகூரத்தக்கது.

ஆனால் தண்ணீர்ப் புட்டி ஒரு நாளைக்குத்தான். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதிலும் தூத்துக்குடி மாவட்டமே உப்பின் தாயகம். ஆண்டின் பெரும்பகுதி வெயிலுக்கும் அங்கே குறைவில்லை. உப்பும் வெயிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கடற்கரையில், வெள்ளம் வரும்போது குளோரினுக்காக வெளியூர் லாரியை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

மழை நாளில் வெயிலுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். சரியான கேள்வி. மேகமூட்டத்தில் பேனலின் மின்சாரம் வெகுவாகக் குறையும். ஆனால் தேவை கால் யூனிட், அரை யூனிட் என்ற அளவில் இருப்பதால் முன்பே நிரப்பி வைத்த ஒரு பேட்டரி சில நாட்களுக்குத் தாங்கும். புயல் எச்சரிக்கை வந்ததும் திரவத்தைத் தயாரித்து நிழலில் எடுத்து வைக்கவும் முடியும். அரிசியும் மெழுகுவர்த்தியும் வாங்கி வைப்பதுபோல இதுவும் ஒரு முன்னேற்பாடு.

மின்குளோரின் கருவிகள் இந்தியாவிலேயே தயாராகின்றன. ஒரு ஊர் ஜமாஅத்தோ பள்ளிக்கூடமோ ஊராட்சியோடு பேசி, குடிநீர் வாரியப் பொறியாளரின் ஆலோசனையோடு ஒரு சிறு கருவியை நிறுவலாம். கருவி வாங்கும் அளவுக்கு இல்லையென்றால், குளோரின் அளவு பார்க்கும் சிறு பெட்டி ஒன்றை வாங்கி, ஊரிலுள்ள மேல்நிலைத் தொட்டி நீரையும் தெருக்குழாய் நீரையும் வாரம் ஒருமுறை அளந்து பலகையில் எழுதிப் போடலாம். தொட்டிப் பணியாளரின் பிளீச்சிங் பவுடர் மூட்டை ஈரம் பட்டு வீரியம் இழந்திருந்தால் அந்தப் பலகையே காட்டிக் கொடுத்துவிடும். அதற்குப் பெரிய செலவு ஆகாது.

குற்றம் குற்றமே

கடைசியாக ஒன்று. சூரிய ஒளியில் குளோரின் தயாரிக்கலாம் என்பதால், மின் நிலையத்தையும் நீர் நிலையத்தையும் தாக்குபவர்களின் குற்றம் லேசாகிவிடாது. பொதுமக்கள் உயிர்வாழத் தேவையான குடிநீர் அமைப்புகளைத் தாக்குவதும் முடக்குவதும் 1977-ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் நெறிமுறைகளின்படி தடைசெய்யப்பட்டவை. நாடுகளுக்கிடையிலான போருக்கும் உள்நாட்டுப் போருக்கும் இது பொருந்தும். சூடானில் இருதரப்புப் படைகளையும், காஸாவில் மின் இணைப்பைத் துண்டித்தவர்களையும் கேட்க வேண்டிய கேள்விகளை உலகம் கேட்டே ஆக வேண்டும்.

அந்த நீதி கிடைக்கும்வரை தாகம் காத்திருக்காது. ஓம்துர்மானில் ஒரு தாய் இன்று மாலை குழந்தைக்குக் கொடுக்கப்போகும் ஒரு குவளை நீர் பாதுகாப்பாக இருக்க வேண்டும். அதற்கான உப்பும் வெயிலும் அவள் ஊரிலேயே இருக்கின்றன. கருவியை அனுப்புவது எளிது. அதை இயக்கி, நாள்தோறும் அளந்து பார்க்கும் ஓர் ஆளை அங்கே நிறுத்துவதற்கும் சேர்த்து நம் உதவியைக் கணக்கிடுவோம். நம் ஊர்த் தொட்டி நீரை அளக்கும் ஆளையும் அப்படியே தேடிக் கண்டுபிடிப்போம்.